எண்பத்தேழாவது இடம்

எங்கள் ஆய்வகச் சுவரில் உப்புப் பலகை என்று ஒன்று தொங்கும். புரதப் படிகம் கிடைத்துவிட்டது என்று எவராவது கூவி, கடைசியில் அது வெறும் உப்புப் படிகம் என்று தெரியவந்தால், அவர் பெயர் அதில் ஏறும். என் பெயர் பதினோரு முறை ஏறியிருந்தது. லோர்னா, லோர்னா, லோர்னா என்று, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதிய மாதிரி இருக்கும்.

உயிருள்ள எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே முக்கியமாக இருப்பது மாவுச்சத்து, கொழுப்பு, டி.என்.ஏ, புரதம் ஆகிய நான்கும்தான். இவற்றில் புரதத்துக்குத்தான் திமிர் அதிகம். அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த நீளமான இழை அது. தானே சுருண்டு மடங்கி ஓர் உருவம் எடுத்துக்கொள்ளும். அந்த உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். படிகமாவதும் ஆகாததும் அதன் இஷ்டம். நம்மால் துளித்துளியாக வைத்துவிட்டுக் காத்திருக்க மட்டும்தான் முடியும்.

என் புரதம் எங்கள் விஸ்கான்சின் ஏரிச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. அறுந்த டி.என்.ஏ இழையை ஒட்டவைப்பது அதன் வேலை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு அமினோ அமிலங்கள். அதற்கு ஆறு வருடம் சேவகம் செய்தேன். ஒரு படிகம்கூடத் தரவில்லை.

எனக்குப் பட்டம் தரலாமா என்று முடிவுசெய்யும் ஆய்வுக் குழுவில் ஹார்லன் டிட்மர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஆறு வருடமே அதிகம் என்பது அவர் கட்சி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் நான் படிகத்தைக் காட்டாவிட்டால் முனைவர் பட்டம் கிடையாது, முதுகலைப் பட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மற்றவர்களையும் சம்மதிக்க வைத்துவிட்டார். என் வழிகாட்டி ரூத் பெல்க்கி அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் கடைசித் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு குழிகள், குழிக்கு ஒரு துளி. ஐம்பத்து மூன்றாவது துளியில் மூன்று படிகங்கள் இருந்தன. விளிம்பெல்லாம் கத்தி மாதிரி கூர்மை. ஆனால் நான் கூவவில்லை. பதினோரு முறை பட்டவளுக்குப் பன்னிரண்டாவது முறை வாய் வராது. மெதுவாகத் தட்டை எடுத்துப்போய்ப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன். புரதமாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் மின்ன வேண்டும், உப்பாக இருந்தால் இருட்டாகவே கிடக்கும். மூன்றும் இருட்டாகக் கிடந்தன.

தட்டை மூடியிருந்த பிசின் தாளில் உப்பு என்று என் கையாலேயே பெரிதாக எழுதி, கழிவுகள் போடும் ஆரஞ்சுப் பையில் வீசினேன். ஆய்வகப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல் அதைப் பார்த்துவிட்டு, ஊசியால் குத்திப் பார்த்தாயா என்று கேட்டான். குத்தினால் உப்பு நொறுங்கும், புரதம் வெண்ணெய் மாதிரி குழையும். அது எனக்குத் தெரியாதா? உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவனிடம் அப்படிப் பேசியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை பீக்கன் பருப்பு வைத்த கிரிங்கிள் என்னும் எங்கள் ஊர் இனிப்பு ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். எங்கள் துறையில் ஆய்வுக் குழுவுக்குத் தின்பண்டம் கொண்டுபோவது மாணவர் கடமை. கழுத்தை அறுக்கப் போகிறவர்களுக்கு நாமே இனிப்பும் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஹார்லன் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டார்.

நான் ஆறு வருடக் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். திரையில் என் புரதத்தின் முழு வரிசையும் இருந்தது, ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக. ஹார்லன் கையைத் தூக்கினார். என்னை எங்கேயாவது மடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"எண்பத்தேழாவது இடத்துல இயற்கையா இருந்ததை மாத்தியிருக்கியே, ஏன்?"

மூன்றாம் வருடம் செய்த வேலை அது. அந்த இடத்தில் இருந்த டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகிவிடும். அதனால் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன் என்று விளக்கினேன்.

"வேற எங்கயும் டிரிப்டோஃபான் இல்லையா?"

"இல்ல. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"அப்ப இப்ப உன் புரதத்துல ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. புற ஊதா வெளிச்சத்தில் புரதம் மின்னுகிறது என்றால், மின்னுவது முக்கால்வாசி அதற்குள் இருக்கும் டிரிப்டோஃபான்தான். அதைப் பிடுங்கிப் போட்டவளே நான்தான். பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏன் மின்னவில்லை என்று படிகத்தின் மேல் கோபித்துக்கொண்டு குப்பையில் வீசியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில்தான் வெண்டல் ஆரஞ்சுப் பைகளைக் கிருமி சாக நீராவியில் வேகவைப்பான்.

"ரூத், நான் கீழ போகணும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மூன்று மாடிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அடித்தளத்தில் வெண்டல் ஆட்டோகிளேவ் என்ற அந்த நீராவி இயந்திரத்தின் கனமான கதவை மூடித் திருகிவிட்டு, பொத்தான் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது உப்பு இல்ல, வெண்டல்."

"நேத்து நீதானே எழுதின?"

"நான் ஒரு மடச்சி. கதவைத் திற."

அவன் சிரித்துக்கொண்டே திறந்தான். பையைத் தரையில் கொட்டி, கெட்டுப்போன பாக்டீரியாக் கூழுக்குள் இருவரும் கைவிட்டுத் துழாவினோம். தட்டு அடியில் கிடந்தது. மேலே ஒட்டிய பிசின் தாள் பிரியாமல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ரூத்தும் ஹார்லனும் நிற்கிறார்கள். ரூத்துக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரே கருவியைத் தயார் செய்ய முன்னால் போய்விட்டாள்.

மூன்று படிகங்கள், மூன்றே வாய்ப்புகள். தலைமுடி அளவு நைலான் வளையத்தால் முதல் படிகத்தை அள்ளி, எக்ஸ்ரேயைத் தாங்குவதற்காக அதை உறையவைக்கும்போது வெடிக்காமல் காக்கும் திரவத்தில் தோய்த்தேன். சர்க்கரை மாதிரி கரைந்து போனது. இரண்டாவதற்குத் திரவத்தைப் பாதியாகக் குறைத்தேன். கரையவில்லை, குறுக்கே பிளந்துவிட்டது. விட்டுவிடம்மா, தட்டை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஹார்லன் பின்னாலிருந்து சொன்னார். முதல்முறையாக அவர் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவதை எந்தத் திரவத்திலும் தோய்க்காமல், அது பிறந்த துளியோடு சேர்த்தே அள்ளி, நேராகக் குளிர் நைட்ரஜன் வீச்சில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி நின்றது.

எக்ஸ்ரே பாய்ந்து முடிந்து திரையில் படம் வர ஒரு நிமிடம் ஆகும். உப்பாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து பெரிய புள்ளிகள் விழும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெண்டல்தான் என் தோளைத் தட்டினான்.

"பாருடி."

திரை முழுக்கப் புள்ளிகள். பொடிப்பொடியாக, வரிசைவரிசையாக, நெருக்கியடித்துக்கொண்டு, ஓரம் வரைக்கும் புள்ளிகள். எந்த உப்பும் ஏழு ஜென்மத்துக்கும் இத்தனை புள்ளிகள் தராது. இருநூற்றுப் பதினான்கு மணிகளும் சுருண்டு மடங்கி, கோடிக்கணக்கில் அணிவகுத்து நின்றால்தான் இப்படி வரும். நான் அழுதேன். கூழ் அப்பிய கையோடு ரூத்தைக் கட்டிக்கொண்டேன், அவளும் அழுதாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஹார்லன் திரைக்குப் பக்கத்தில் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, நீண்ட நேரம் பார்த்தார்.

"சரி, ஒத்துக்கறேன், இது புரதம்தான்" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, கூட்டம் முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினார்.

"முடியல, ஹார்லன். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு. மேல வாங்க, நான் இன்னும் பேசி முடிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். என் சட்டையெல்லாம் குப்பை. பிறகு எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.