முதல் மழையின் கேப்டன்

காலையிலிருந்தே வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வீட்டின் முன்னறையில் தையல்காரியும் அப்படித்தான்.

அந்த முன்னறைதான் அவள் கடை. ஒரு வெட்டு மேஜை, சுவர் முழுக்க நூல்கண்டு, ஜன்னலோரம் தையல் மெஷின். அந்த மெஷினைத்தான் இப்போது இடது கையால் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். பழைய மெஷின் வியாபாரி சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

கோடையில் ஒருநாள், பரண் மேலிருந்த பட்டன் டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். டப்பா பத்திரமாக இருந்தது. அவள்தான் கீழே வந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, அதைப் பிரித்தும் ஆயிற்று. எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "வேலை குடுக்கக் குடுக்கத்தான் விரல் வரும்" என்றார்.

வேலை கொடுத்துப் பார்த்தாள். வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தியின் ரவிக்கைத் துணி, கை வெட்டும்போது கோணிக்கொண்டு போயிற்று. "பரவாயில்லைக்கா, விடுங்க" என்றாள் அந்தப் பெண். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் 'பரவாயில்லை'தான் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. அன்றைக்கே பந்து டிராயருக்குள் போயிற்று, கத்தரிக்கோல் ஆணியில் ஏறிற்று.

"அவசரப்படாதே. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே" என்றார் புருஷன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி மாஸ்டர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

"பார்த்தது போதும். வெறும் மெஷினைத் தினம் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியாது."

"உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"மூச்சு விட்டீங்கன்னா பாருங்க."

மாஸ்டர் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் ஜன்னல் கம்பியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. தெருவில் புழுதி கிளம்பி, உடனே அடங்கி, சூடான மண்ணின் வாசனை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. எதிர் வீட்டு மாடியில் காய்ந்த துணிகளை யாரோ அள்ளிக்கொண்டு ஓடினார்கள். இந்த வருஷத்து முதல் மழை.

தையல்காரி காகிதத்தைப் பிடித்தபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒன்பது வயதில் பார்த்தது போலவே.

முதல் மழை என்றால் அவள் பிறந்த வீட்டில் கப்பல் பந்தயம். தெரு ஓரத்தில் ஓடுகிற தண்ணீரில் அண்ணனும் தங்கையும் காகிதக் கப்பல் விடுவார்கள். ஜெயித்தவர் அடுத்த முதல் மழை வரைக்கும் கேப்டன். தோற்றவர் கேப்டனுக்கு டீ கொண்டுவந்து கொடுக்க வேண்டும், மரியாதையாகக் கூப்பிட வேண்டும். சின்ன வயதில் அண்ணன் ஒருமுறை, இவளுடைய பூகோளப் புத்தகத்தின் கெட்டி அட்டையைக் கிழித்து, முந்தின நாளே கப்பல் செய்து கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். விஷயம் அப்பாவிடம் போயிற்று. அட்டையில்லாத புத்தகத்தை ஒரு கையிலும் மகனின் காதை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அப்பா தீர்ப்புச் சொன்னார்: மழை தொடங்கும்போது கையில் என்ன காகிதம் இருக்கிறதோ அதில்தான் கப்பல். அவரவர் கப்பலை அவரவர்தான் மடிக்க வேண்டும்.

அப்பா போய், இருவருக்கும் தலை நரைத்து, அண்ணன் இதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடிவந்த பிறகும் சட்டம் மாறவில்லை. முடிவும் மாறவில்லை. அண்ணனுக்கு வேலை காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில். வானம் கறுத்தால் போதும், மனிதர் கையில் ஒரு வழவழப்பான காலண்டர் தாள் வந்து உட்கார்ந்துவிடும். கேட்டால், "தேதி பார்க்கிறேன்" என்பார். தேதி பார்த்துப் பார்த்தே வருஷா வருஷம் கேப்டன் ஆகிவிடுவார். போன் வந்தால், "ஹலோ, கேப்டன் பேசறேன்" என்றுதான் எடுப்பார்.

இதோ வந்துவிட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் காலண்டர் தாள்.

"சிட்டு! மழை! வெளிய வா, தோக்கடிக்கிறேன்!"

வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பாதி சுற்றிய மெஷினைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"என்னது இது?"

"விக்கறேன். ஆள் வந்துக்கிட்டிருக்கு."

"ஓ" என்றார் அண்ணன். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அட்வைஸ் மழை கொட்டும் என்று அவள் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு. "சரி, மெஷின் விஷயம் இருக்கட்டும். கையில என்ன பேப்பர் வெச்சிருக்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். பழுப்புக் காகிதம்.

"அண்ணா, என்னால முடியாது. விரல் மடங்கலை."

"நான் மடிச்சுத் தர்றேன்" என்றார் மாஸ்டர்.

"சட்டம் இருக்கு மாப்பிள்ளை. அவங்கவங்க கப்பல், அவங்கவங்க கை." அண்ணன் தன் தாளைப் பரபரவென்று மடிக்க ஆரம்பித்தார். "முடியலைன்னா விட்டுடட்டும். போட்டியே இல்லாம கேப்டன். டீயில ஏலக்காய் தட்டிப் போடச் சொல்லுங்க."

அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. கை உடைந்தவளிடம் ஏலக்காய் டீ கேட்கிற ஆளைப் பார்! பூகோளப் புத்தகத்தைக் கிழித்த அதே மனுஷன்தானே!

"இருங்க!" என்றாள்.

மெஷின் மேல் சுற்றியதை விருட்டென்று உருவி மேஜையில் விரித்தாள். கப்பலுக்கு நேரான துண்டு வேண்டும். ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டினாள். 'சர்ர்ர்' என்று ஒரே ஓட்டமாக, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது கத்தரி.

மாஸ்டரின் வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போனவர் அப்படியே விழுங்கிக்கொண்டார். அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு அவசரம்.

பாதியாக மடித்தாள். மூலைகளை நடுவுக்குக் கொண்டுவந்தாள். கட்டை விரல் சண்டித்தனம் செய்தது. தையலை அழுத்துவது மாதிரி கத்தரிக்கோலின் பிடியால் மடிப்பைத் தேய்த்தாள். கடைசியில் அடிப்பக்கத்தைக் கூராக அமுக்க வேண்டும். அதற்கு விரலில் பலம் போதவில்லை. அடி தட்டையாக, பரந்து நின்றது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இது என்ன, கப்பலா சோப்பு டப்பாவா?"

"தண்ணியில விட்டுட்டுப் பேசுங்க."

வெளியே சாக்கடை மூடியெல்லாம் மறைய, தெரு ஓரத்தில் தண்ணீர் புரண்டு ஓடியது. இவள் வாசலிலிருந்து மருந்துக்கடை முனை வரைக்கும் பந்தயம். நடுவில் ஒரு வேகத்தடை. அங்கே தண்ணீர் முட்டிச் சுழலும். இவளுடைய கப்பல்கள் பெரும்பாலும் சமாதியானது அந்த இடத்தில்தான்.

மருந்துக்கடை முனையில் ஒரு சின்ன வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் மழைக்காகக் கடையோரம் ஒண்டினார். பழைய மெஷின் வியாபாரி!

"சார்!" என்று கத்தினார் மாஸ்டர். "அங்கேயே நில்லுங்க! எந்தக் கப்பல் முதல்ல வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க!"

"எந்த என்னது?"

விசில் ஊதியாயிற்று. இரண்டு கப்பல்களும் கிளம்பின.

காலண்டர் கப்பல் அம்பாகப் பாய்ந்தது. பழுப்புக் கப்பல் ஆடி அசைந்து, யாருக்கு வந்த விருந்தோ என்று பின்னால் போயிற்று. கொட்டுகிற மழையில் அண்ணனும் தங்கையும் கூடவே ஓடினார்கள். மாஸ்டர் முட்டி போட்டுப் பார்த்து வர்ணனை வேறு சொன்னார். ஜன்னல்கள் திறந்தன. "ஐயோ, ரெண்டும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு!" என்று மாடியிலிருந்து ஒரு சிரிப்பு.

வேகத்தடை வந்தது. கூர்மூக்குக் காலண்டர் கப்பல் நேராகச் சுழலுக்குள் மூக்கை விட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. வால் மட்டும் மேலே ஆடியது.

"வா ராஜா, வா!" அண்ணன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்து காலால் தண்ணீரைத் தள்ளினார்.

சோப்பு டப்பா வந்து சேர்ந்தது. சுழலுக்கு அதன் தட்டை அடியில் பிடிப்பே கிடைக்கவில்லை. வழுக்கிக்கொண்டு, வேகத்தடையின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கி ஓடியது.

"போ! போ! போடி என் கண்ணு!" தையல்காரி இரண்டு கைகளையும் தட்டினாள்.

மருந்துக்கடை முனையில் வியாபாரிக்கும் ஆவேசம் வந்துவிட்டது. வருகிற கப்பல் சாக்கடைக்குள் போய்விடக் கூடாதே என்று குனிந்து பாய்ந்தார். கம்பத்து ஆணியில் மாட்டிச் சட்டைக் கை 'டர்ர்'ரென்று கிழிந்தது. அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை. சொட்டச் சொட்ட நனைந்த பழுப்புக் கப்பலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இதுதான் ஃபர்ஸ்ட்!"

தெருவே கைதட்டியது. மூச்சு வாங்க அண்ணன் பக்கம் திரும்பினாள் அவள். சட்டென்று ஒரு சந்தேகம்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. பாவம்னு விட்டுக்குடுத்தீங்களா?"

"விட்டுக்குடுத்தாரா!" வியாபாரி இடைமறித்தார். "கால்ல தண்ணியைத் தள்ளினாரும்மா! நானே பார்த்தேன். அப்படியும் ஜெயிக்க முடியலை."

அண்ணனின் முகம் போன போக்கே பத்துச் சாட்சிக்குச் சமம். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். பரவாயில்லை என்று யாரும் போட்ட பிச்சை இல்லை இது. முழுசாக அவளுடையது.

எல்லாரும் ஈரமாக முன்னறைக்குள் வந்தார்கள். "எங்கம்மா மெஷின்? எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் வியாபாரி.

அவள் மேஜையைப் பார்த்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், ரூல் போட்டது போல வெட்டுப்பட்ட காகிதம். பக்கத்தில் கத்தரிக்கோல். இதை யார் வெட்டியது என்பது போல மாஸ்டரை ஏறிட்டாள்.

"நீதான், அதே வலது கையால" என்றார் அவர். "சொன்னா நின்னுடுமோன்னு சொல்லலை."

வலது கையை விரித்துப் பார்த்தாள். மடக்கினாள். வலித்தது, வலிக்கட்டும்.

"பேக்கிங் பேப்பர் கப்பலாப் போயிடுச்சு, சார். மெஷினைக் குடுக்கறதுக்கில்லை."

"அப்போ நான் நனைஞ்சது?"

"சட்டையைக் கழட்டுங்க."

"என்னது?"

"கை கிழிஞ்சிருக்கு பாருங்க. கழட்டிக் குடுங்க."

ஊசியில் நூல் உடனே ஏறவில்லை. நூல் ஒரு பக்கம் போனால் விரல் ஒரு பக்கம் போயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை, வந்தால் கடித்திருப்பாள். நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். ஏறியது.

கோடையிலிருந்து ஊமையாகக் கிடந்த மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. தையல் ஓரிடத்தில் லேசாகக் கோணியது. நிறுத்தினாள், பிரித்தாள், நேராகத் தைத்தாள்.

பின்னால் தொண்டையைக் கனைக்கிற சத்தம். தலை துவட்டாத அண்ணன் கையில் டம்ளரோடு நின்றார்.

"கேப்டன்... டீ."

"ஏலக்காய் போட்டீங்களா?"

"போட்டேன், கேப்டன்."

"அப்படி வைங்க" என்றாள் தலை நிமிராமலே. "வேலையா இருக்கேன்."