சுரண்டிய லேபிள்

எவரால்ட் பாடிய ஒரே இசைத்தட்டில் அவன் பெயர் இருந்தது. ஹெட்லி அதைச் சுரண்டி எறிந்துவிட்டான். கிங்ஸ்டனில் ஒலிபெருக்கி கட்டி, தட்டு போட்டு ஆட்டம் நடத்துகிற எவனும் அதைத்தான் செய்வான். கடைக்கு வராத தட்டு கையில் கிடைத்தால் முதலில் லேபிளைச் சுரண்டுவான். பெயர் தெரிந்தால் அடுத்த தெருக்காரன் பாடகனையே வளைத்துப் போட்டுவிடுவானே!

ஊரே அந்தப் பாட்டை முணுமுணுத்தது. "அது நான்தான்" என்று எவரால்ட் கரடியாய்க் கத்தியும் ஒரு பயல் நம்பவில்லை. ஊரை விடுங்கள், அவன் உயிரையே வைத்திருந்த மெர்லீனும் மீனைப் பொரித்துக்கொண்டே, காதில் பூ சுற்றாதே என்று சிரித்துவிட்டாள். அதுதான் அவனுக்குச் சுட்டது.

ஞாயிறு மதியம் அவளை ஹெட்லியின் ஆட்டத்துக்கு இழுத்துப் போனான். தட்டு சுழன்றது. பதிவான பிறகு அவன் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. இவ்வளவு இனிப்பாகவா பாடினோம் என்று அவனுக்கே புல்லரித்தது. தன் குரல் தனக்குத் தெரியாது என்பார்களே, அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டான், பாவி.

நேரே ஹெட்லியிடம் போய், பாடியவன் நான் என்றான். ஹெட்லி மைக்கை நீட்டினான்.

"அப்படியா தம்பி? தட்டைத் திருப்பிப் போடுறேன். அந்தப் பக்கம் வெறும் வாத்தியம்தான். பாடிக் காட்டு."

டிரம்மும் பேஸ் கிட்டாரும் எழுந்தன. எவரால்ட் சடையை உதறிக்கொண்டு தொடங்கினான். முதல் அடியிலேயே இடித்தது. வாத்தியம் எங்கோ உயர்ந்த சுருதியில் ஓடியது, இவன் குரல் கீழே கிடந்து இழுபட்டது. எட்டிப் பிடிக்கப் பார்த்தான். தொண்டை கிழிந்து கீச்சென்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் கோழி போலக் கொக்கரித்துக் காட்டினான்.

பாட்டைப் பதிவு செய்த தயாரிப்பாளர் பின்னக் ஒலிபெருக்கியில் சாய்ந்து நின்றிருந்தார். "நீங்க சொல்லுங்கண்ணே, இவனா பாடினது?" என்றான் ஹெட்லி. ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் என்றால் போதும். பின்னக் எவரால்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் குரலா? நீயேதான் கேட்டியே, ஹெட்லி."

எவரால்ட் மைக்கைக் கீழே வைத்தான். அவர் சாவகாசமாகப் பக்கத்தில் வந்து அவன் தோளில் கை போட்டு, காதோரம் சொன்னார்.

"ஆமை மாதிரி இழுத்து வச்சிருந்தே. டேப்பை வேகமா ஓட்டித்தான் தட்டுல பதிச்சேன், குரலும் வாத்தியமும் சேர்ந்து ஏறிடுச்சு. இனி உன்னை மேடையேத்துனா என் மானம்ல போகும்? சன்னக் குரல்ல ஒருத்தனைப் பிடிச்சுட்டேன். இனி மேடையில அவன்தான் இதைப் பாடுவான்."

ஹெட்லி தட்டை மறுபடி திருப்பினான். எவரால்டின் குரல், எவரால்டால் ஒருநாளும் எட்ட முடியாத குரல், மைதானத்தை நிறைத்தது. கைகள் உயர்ந்தன. மெர்லீனும் கண்ணை மூடி, வரி தவறாமல் கூடவே பாடினாள். அவன் போய் அவள் கையைத் தொட்டான். அவள் வெடுக்கென்று உதறினாள்.

"ஆம்பளைங்க பொய் சொல்லுவாங்க, அது தெரிஞ்சதுதான். ஆனா போயும் போயும் இந்தப் பாட்டை வச்சா சொல்லுவே? தள்ளி நில்லு, கேட்க விடு."