ஆட்சேபனை இல்லையென்றால்

ஒன்பது வருடங்களுக்கு முன்பு 'செவிவழி'யை நான் எழுதத் தொடங்கியபோது அதற்கு விதிமுறை என்று எதுவும் கிடையாது. நான் இருந்தேன். அதுவே போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

செவிவழி ஓர் இலவச மென்பொருள். கண் தெரியாதவர்களுக்குக் கைப்பேசித் திரையில் இருக்கும் தமிழை வாசித்துக் காட்டும். நம் மலேசியத் தமிழில் நடுநடுவே வரும் மலாய்ச் சொற்களிலும் தடுக்கி விழாது. அதன் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பிரதிக்குள் எந்த மாற்றம் போகலாம் என்று முடிவு செய்வது சாவி வைத்திருப்பவர். சாவி என்னிடம் இருந்தது.

என்னோடு நான்கு பேர் இருந்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் கல்லூரி விரிவுரையாளராக இருக்கும் கிரிதரன், எழுதியதை எழுதியபடியே புரிந்துகொள்ளும் பிள்ளை. கிள்ளானில் அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நிரல் எழுதும் ரபீக். அரசாங்க இலாகாவில் முப்பத்தாறு வருடம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் கையேடுகளைத் திருத்தித் தரும் அந்தோனிப்பிள்ளை அங்கிள். பிறகு சுகுமாறன். பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் நிலையம் நடத்துகிறார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் எழுதுவதை முதலில் கேட்டுப் பார்ப்பவர் அவர்தான். உண்மையைச் சொன்னால், அவருக்காகத்தான் இதை ஆரம்பித்தேன்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு அமைப்பு தன்னுடைய பட்டியலில் செவிவழியைச் சேர்ப்பதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியது. 'உங்கள் குழுவில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன?' என்று ஒரு கேள்வி. 'நான் எடுக்கிறேன்' என்று எழுதினால் நன்றாக இருக்காது. ஆகவே உலகமெங்கும் இப்படிப்பட்ட குழுக்கள் வைத்திருக்கும் விதிகளைத் தேடிப் படித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். அதன் உயிர்நாடி ஒரே விதிதான். யார் வேண்டுமானாலும் மின்னஞ்சல் குழுவில் ஒரு முன்மொழிவு வைக்கலாம். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள்.

மணியைக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன நிரலும் எழுதி, அதற்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தேன். நேரம் முடிந்ததும் குமாஸ்தாவே அறிவிக்கும். நிறைவேற்ற வேண்டியதை நிறைவேற்றியும் விடும். மனிதர்களின் விருப்பு வெறுப்பு குறுக்கே வரக் கூடாது அல்லவா.

ஆறு மாதத்தில் பதினொரு முன்மொழிவுகள். பதினொன்றும் என்னுடையவை. ஒன்றுக்குக்கூட ஆட்சேபனை இல்லை. ஒரு மாநாட்டில் போய் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். "எங்கள் குழுவில் சண்டையே கிடையாது" என்றேன். கை தட்டினார்கள்.

பன்னிரண்டாவது முன்மொழிவு, பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிய குரலை வைப்பது. பழையது கரகரவென்று தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கும். புதியது ஓர் இளம்பெண்ணின் குரல். நிறுத்தி, மூச்சு விட்டு, அழகாக வாசிக்கும். அதற்காக எட்டு மாதம் உழைத்திருந்தேன். மூன்று நாள் எல்லோரும் மௌனம். குமாஸ்தா நிறைவேற்றியது. பழைய குரலை நீக்கினேன்.

ஒரு மாதம் கழித்து, சுகுமாறனின் மசாஜ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அவரோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கைப்பேசிக்கு ஏதோ செய்தி வந்தது. எடுத்துக் காதருகே வைத்தார். தகர டப்பா. அதுவும் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில்.

"என்ன சுகு, இன்னும் பழசையே வச்சிருக்கீங்க?"

"அப்டேட் பண்ணலக்கா." கோப்பையைத் தடவி எடுத்துக்கொண்டார். "எங்க ஆளுங்க யாருமே பண்ணல."

"ஏன்?"

"புதுசு நல்லாதான் இருக்கு. ஆனா நாங்க மெதுவா கேக்க மாட்டோம் லா. மூணு மடங்கு ஸ்பீட்ல வச்சா அந்தப் பொண்ணு குழறுது. பழசு எவ்ளோ வேகமா போனாலும் தெளிவா இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே. மூணு நாள் டைம் இருந்துச்சு."

"நான்தான் ஒண்ணுமே சொல்லலையே அக்கா."

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் சுகுமாறன், பொறுமையாக. "பிடிச்சிருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன்ல."

வீட்டுக்கு வந்ததும் அந்தோனிப்பிள்ளை அங்கிளைக் கூப்பிட்டேன். பழைய குரலை எடுப்பதில் அவருக்கும் சம்மதம் இல்லையாம்.

"அப்புறம் ஏன் அங்கிள் எழுதல?"

"ஜனகா, முப்பத்தாறு வருஷத்துல ஒரு ஃபைல்லகூட நான் முடியாதுன்னு எழுதினது கிடையாதுமா. மேசையில வச்சிருவேன். அஞ்சாறு நாள் அசையலன்னா வந்து கேக்கிறவங்களுக்கே புரிஞ்சிடும். எழுதி எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தணும்?"

ரபீக் சொன்னதும் அதேதான். "கடையில விலையக் கேட்டுட்டு சும்மா நிக்கிறவங்க வாங்க மாட்டாங்கக்கா. அவங்க வாயத் தொறந்து பேரம் பேசினாத்தான் வேணும்னு அர்த்தம்."

அதாவது, பன்னிரண்டு முறையும் இவர்கள் தங்களால் முடிந்த அளவுக்கு உரக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மேடையேறி அதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெட்கம் வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்குக் கோபம்தான் சுலபமாக வரும்.

அன்றே குழுவுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எதிர்ப்பவர்கள் எழுத்தில் எதிர்க்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். மாற்று யோசனையும் தர வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நாகரிகம் இல்லை. கடைசியில், 'நான்தான் இடைஞ்சல் என்றால் ஒதுங்கிக்கொள்ளத் தயார்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அந்த வரிக்கு அர்த்தம் என்ன என்று நம் சங்கங்களில் ஓர் ஆண்டுக் கூட்டத்துக்காவது போனவர்களுக்குத் தெரியும். தலைவர் எழுந்து விலகுகிறேன் என்பார். சபை பதறும். நாலு பேர் போய்க் கையைப் பிடிப்பார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்காருவார். அப்புறம் எல்லோரும் மீகூன் சாப்பிடுவார்கள். நான் கையைப் பிடிக்க வருபவர்களுக்காகக் காத்திருந்தேன்.

கிரிதரன் வந்தான். திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்கு, முன்மொழிவு எண் பதின்மூன்று. 'ஜனகா அக்காவின் ஒன்பது ஆண்டு சேவைக்கு நன்றி தெரிவித்து, அவர் விரும்பியபடியே அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, மதிப்புறு ஆலோசகராக நியமிக்கிறோம். சாவி இனி கிரிதரனிடமும் ரபீக்கிடமும் இருக்கும்.'

மதிப்புறு ஆலோசகர் என்றால் நம் ஊரில் நோட்டீஸில் பெயர் போடுவார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் யாராவது எழுதுவார்கள் என்று நம்பினேன். செவ்வாய் போனது. புதன் போனது. நானே 'ஆட்சேபிக்கிறேன்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சொந்த நாற்காலிக்காக எப்படிக் கெஞ்சுவது? நானும் ஒன்றும் எழுதவில்லை.

வியாழன் மூன்று மணிக்குக் குமாஸ்தா அறிவித்தது: 'ஆட்சேபனை இல்லை. நிறைவேற்றப்பட்டது.' நிரல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'மன்னிக்கவும், இங்கே மாற்றம் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. அந்த 'மன்னிக்கவும்' நான் சேர்த்தது. ஆங்கில மூலத்தில் அது இல்லை, தமிழில் மரியாதையாக இருக்கட்டும் என்று போட்டிருந்தேன்.

பத்து நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு மனசு கேட்காமல் ஒவ்வொருவராக அழைத்தேன்.

"நான் அந்த மெயிலத் தொடவே இல்லையேமா" என்றார் அங்கிள். குரலில் வருத்தம் தெரிந்தது. "இதுக்கு மேல எப்படி எதிர்க்கிறது?"

"எனக்கு வந்த கோவத்துக்கு பதிலே போடலக்கா" என்றான் ரபீக்.

கிரிதரன்தான் கொஞ்சம் குழம்பினான். "ஒதுங்கிக்கிறேன்னு நீங்கதானேக்கா எழுதினீங்க? அப்புறம் நீங்களும் ஒண்ணும் சொல்லல. சம்மதம்னு நினைச்சேன்." என் விதியை அப்படியே படித்து நம்பிய ஒரே ஆள் அவன். அவனை என்னவென்று திட்டுவது?

சுகுமாறன் மட்டும் போனை எடுக்கவில்லை. மசாஜுக்கு ஆள் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆலோசகரும் முன்மொழியலாம் என்று விதியில் இருக்கிறது. முன்மொழிவு எண் பதினான்கு: 'சாவியை மறுபடி ஜனகாவிடம் ஒப்படைப்பது.' அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து சமைத்தேன். இந்த முறை யார் எதற்காக மௌனமாக இருந்தாலும் குமாஸ்தா அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்ளும், எனக்குத்தான் லாபம்.

மூன்றாம் நாள் காலை, குமாஸ்தா முடிக்க இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்போது, சுகுமாறனிடமிருந்து குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

'அன்புள்ள அக்கா, நான் இதை எதிர்க்கிறேன். காரணம்: போன வாரம் பழைய குரல் வேண்டும் என்று ரபீக்கிடம் கேட்டேன். மறுநாளே போட்டுக் கொடுத்தார். புதுசும் இருக்கிறது, பழசும் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வருடத்தில் உங்களிடம் இப்படி ஒன்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று இல்லை. எங்களுக்காக இவ்வளவு செய்கிறவரிடம் இது சரியில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்கள் நல்லது செய்யச் செய்ய நாங்கள் பேசாமல் இருந்தோம். சாவி அவர்களிடம் இருந்தால் என்னால் குறை சொல்ல முடிகிறது. மாற்று யோசனை: நீங்கள் எழுதுங்கள், அவர்கள் பார்த்துச் சேர்க்கட்டும். எல்லோரையும் போல. எழுத்தில் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். சுகுமாறன்.'

எதிர்ப்பு எழுத்தில் இருந்தது. காரணம் இருந்தது. மாற்று யோசனையும் இருந்தது. செவிவழியின் வரலாற்றிலேயே முறைப்படி வந்த முதல் ஆட்சேபனை அதுதான். நான் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் செய்திருந்தார். மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். என்ன நன்றி கெட்ட மனுஷன் என்று முதலில் அழுதேன். பிறகு, ஒன்பது வருடம் அவர் பேச முடியாமல் என் எதிரில் உட்கார்ந்து தே தாரிக் குடித்திருக்கிறாரே என்று அழுதேன்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது அந்தோனிப்பிள்ளை அங்கிள் அழைத்தார்.

"சுகு எழுதினதப் படிச்சியாமா?"

"படிச்சேன் அங்கிள்."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. அங்கிள், நீங்க சொல்லுங்க. நான் திரும்பி வரலாமா?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ தட்டு கழுவினார்கள். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி அங்கிள், வச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு, முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.