மெழுகுக்குள் ஒரு துணுக்கு

என் வீட்டுக்காரர் ஜெயவேலுவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்பது ராஜகீழ்ப்பாக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. என் கொழுந்தன் சக்திவேலின் ஏற்பாடு அது. "அண்ணனுக்குத் தெரிஞ்சா அப்பவே ஒடைஞ்சிடுவாரு அண்ணி. சளிக்கட்டின்னு சொல்லிடலாம்" என்றான். நானும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன். பீடி வாசனை கூட ஆகாத மனுஷனுக்கா இது என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகில் நீள ஊசியை விட்டுத் துணுக்குச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் காற்று கசிந்து, மூன்று நாள் நெஞ்சில் குழாயோடு கிடந்தார். வீட்டுக்கு வந்ததும், "இன்னா பண்ணாங்க?" என்று கேட்டார்.

"கட்டிய எடுத்துட்டாங்க" என்றேன். பொய் அதற்குள் வாய்க்குப் பழகியிருந்தது.

டாக்டர் மிருதுளா என்னிடம் தனியாகச் சொன்னார்: "நூத்துல ரெண்டு பேருக்கு வர்ற ஜீன் மாற்றம் இவருக்கு இருக்கும்னு சந்தேகப்படறேன். இருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்கு. வருஷக்கணக்கா நல்லா இருக்கலாம். டெஸ்ட்ல வந்தாதான் எழுத முடியும்."

அந்தச் சதையை மெழுகில் பதித்து, சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த டெஸ்டுக்காகத் திங்கட்கிழமை லேப் ஆள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வான் என்றார்கள். பீரோவில் வைத்தேன்.

திங்கட்கிழமை டப்பாவைக் காணோம். அவரிடம் கேட்டேன்.

"அதுவா? ஆதார் கார்டு தேடசொல்லோ பார்த்தேன். மேல என் பேரு போட்ருந்துச்சு. எடுத்த கட்டிதானே அது? அத்த வூட்ல வெச்சிக்கினா திரும்ப வந்துடும். நேத்தே ஏரில வீசிட்டு வந்து தலமுழுகிட்டேன்" என்றார். எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்.

இருந்தது அந்தத் துணுக்கு ஒன்றுதான். ரத்தத்தில் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி ஊசி போடலாம் என்றார் டாக்டர். இவர் வர மறுத்தார். "கட்டிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குக் குத்தணும்?" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இப்ப சொன்னா நம்ம மூஞ்சிலயே முழிக்க மாட்டாரு அண்ணி" என்றான் சக்திவேல். ஆறு வாரம் போயிற்று. மூச்சு வாங்கிப் படுத்த பிறகு, இனி ஊசியை நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கைவிரித்தார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சொல்லியிருந்தா நானே பத்திரமா வெச்சிருப்பேனே சுபத்ரா" என்றார். கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, "அந்த மாத்திர கெடச்சிருந்தா எத்தினி நாள் இருந்திருப்பேன்?" என்று கேட்டார்.

"அதுவும் ரெண்டு மூணு மாசம்தாங்க" என்றேன்.

நம்பிவிட்டார்.