விழாத திரை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் நாடக சபையில் பல வருஷமாக நான்தான் சிவபெருமான். பகலில் பட்டறையில் இரும்பு ராவுவேன். நாடகம் என்று வந்துவிட்டால் உடம்பில் நீலம் பூசிக்கொண்டு கடைசிக் காட்சியில் இறங்குவேன். நாடகத்தில் யார் செத்தாலும் நான் வந்து எழுப்பிவிட வேண்டும். அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து மங்களம் பாடினால்தான் சனம் பாயைச் சுருட்டும். செத்தவரை எழுப்பாமல் முடித்தால், அந்தச் சாவு வேஷம் கட்டினவர் வீட்டுக்கே போய்ச் சேரும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். எனக்கும்தான்.

இப்படி இருந்த என் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் சபாபதி கிராணி. ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை. எங்களுக்கு நாடகம் எழுதித் தருகிறவரும் அவரே. இங்கிலீஷ் நாடகங்களாகப் படித்துத் தள்ளியவர், ஒருநாள் ஒத்திகையில் என் காட்சியை அடித்துவிட்டார்.

"இது டிராஜெடி, வேலாயுதம். துன்பியல். நஞ்சு குடிச்சவ செத்தவதான். உச்சகட்டத்துல சாமி வானத்துலேருந்து குதிச்சு எழுப்புறதெல்லாம் எழுதத் தெரியாதவன் செய்யற வேலை."

"அப்ப எனக்கு என்ன வேஷம், கிராணி?"

"திரைக் கயிறு உன் பொறுப்பு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கயிற்றாலேயே அவரைக் கட்டிப்போட்டிருப்பேன்.

நாடகத்தின் பெயர் 'நஞ்சுண்ட பைங்கிளி'. அரசனைக் கொல்ல வைத்த நஞ்சை, தெரியாமல் அவன் மகள் குடித்துவிடுகிறாள். அந்த மகள் வேஷத்தைக் கிராணி தன் சொந்த மகள் ரமணிக்கே கொடுத்தார். எட்டு வயசுப் பிள்ளை. அவர் மனைவி தங்கமணி ஒத்திகை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, புள்ள செத்துக் கெடக்கறப்பவே முடிக்கிறதா? ஒருதரம் எழுப்பிட்டு முடிங்களேன்."

கிராணி சிரித்தார். "மொத காட்சியில விளக்கு அணையுது பாத்தியா? அப்பவே சாவு முடிவாயிடுச்சு. இதுக்குப் பேரு முன்குறிப்பு. நல்ல நாடகத்துல காரணமில்லாம ஒரு சின்ன விஷயமும் வராது. வந்தா அது எங்கயாவது போய் முடிஞ்சாகணும்." பிறகு மகளைப் பார்த்து, "திரை விழுற வரைக்கும் கண்ணத் தொறக்கக் கூடாது. மூச்சு விடறதுகூட தெரியக் கூடாது. அதான் நல்ல நடிப்பு," என்றார். ரமணி பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாடகம். ரமணி பித்தளைக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள், விழுந்தாள். ராணி வேஷம் கட்டிய தம்புசாமி அவள்மேல் விழுந்து ஒப்பாரி வைத்ததில் பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். நான் கயிற்றை இழுத்தேன். திரை வரவில்லை. மறுபடி இழுத்தேன். மேலே உருளையில் முடிச்சு சிக்கிக்கொண்டது. நான் வேண்டுமென்றே செய்ததாக இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அம்மன்மேல் ஆணையாக இல்லை.

ஒப்பாரி முடிந்துவிட்டது. பிள்ளை அசையாமல் கிடந்தாள். கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "இருங்கடி, சாமி வரும்," என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. வரவேண்டிய சாமி நான், கயிறும் கையுமாக ஓரத்தில் நிற்கிறேன். கடைசியில் கிராணியே மேடையேறி, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மங்களம் பாடாமலே விளக்குகளை அணைத்தோம்.

தோளிலேயே தூங்கிவிட்ட ரமணிக்கு, விடிந்ததும் அனலாகக் காய்ச்சல். ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து பார்த்து, மலேரியா என்று சொல்லிக் கொய்னா மருந்து கொடுத்துவிட்டுப் போனார். காய்ச்சல் ஏறி இறங்கியதே தவிர, பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. வாயில் தண்ணீர் விட்டால் விழுங்குவாள், அவ்வளவுதான். குழாயடியில் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் கிராணி பட்டறைக்கு வந்தார். எண்ணெய்க்கறை ஒட்டிவிடும் என்று அந்தப் பக்கமே வராத மனுஷன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"வேலாயுதம், வீட்டுல சாமி விளக்கு அணைஞ்சுபோச்சு. எண்ணெ இருந்துச்சு. காத்தும் இல்ல."

"திரி கருகியிருக்கும், கிராணி."

"கேளு. தங்கமணி மருந்த எதுல குடுத்திருக்கா தெரியுமா? மேடையில நஞ்சு குடிச்சாளே, அதே கிண்ணம். எங்க வீட்டுக் கிண்ணம்தானே, கைக்கு வந்தத எடுத்திருக்கா. எல்லாம் பொருந்துது. நானே எழுதி வச்ச மாதிரி ஒன்னொன்னாப் பொருந்துது."

"கிராணி, இது நாடகம் இல்ல."

"எனக்குத் தெரியல," என்றார். "வேஷம் கட்டிட்டு வா."

என்னை வெட்டி எறிந்தவரைக் குத்திக் காட்ட நாக்கு துறுதுறுத்தது. மாற்றிப் போட்ட அந்தப் பொத்தான் மறுபடி கண்ணில் பட்டது. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உச்சிவெயிலில் நீல முகமும் சடையுமாக ரிக்‌ஷாவில் போனேன். கடைவாசலில் நின்ற ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயம்தான். இத்தனை வருஷமும் நான் எழுப்பியவர்களில் யாரும் உண்மையில் சாகக் கிடந்தவர்கள் இல்லை. நான் கூப்பிட்டும் இந்தப் பிள்ளை எழாவிட்டால் என்ன செய்வேன்?

வீட்டில் ஒரே அறை. குறுக்கே கொடிக்கயிற்றில் பழஞ்சேலை ஒன்றைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் கட்டிலில் ரமணி. மேடையில் கிடந்தது போலவே, கைகள் இரண்டும் பக்கத்தில், முகத்தில் அசைவே இல்லை. தங்கமணி என் காலில் விழுந்தாள்.

"எந்திரி, தங்கச்சி. நான் வேலாயுதம்."

"இல்லண்ணே. இப்ப நீங்க சாமி."

கையை உயர்த்தினேன். "குழந்தாய், எழுந்திரு! காலன் உன்னைத் தீண்டான்!" பிள்ளை அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அடுத்த வரி மறந்துபோய் நின்றபோது, பின்னாலிருந்து கிராணி எடுத்துக் கொடுத்தார். அவர் அடித்துப் போட்ட வரிகள்தான், ஒன்றுவிடாமல் மனப்பாடமாக இருந்தன. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வேர்வையில் நீலம் கரைந்து மார்பில் ஓடியது. தங்கமணிக்கு விம்மல் எழுந்தது. அது ஒப்பாரியின் ராகத்தில் எழுந்தது. "அழாத! அழாதடி!" என்று கிராணி அலறினார்.

அப்போது பிள்ளையின் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"மாமா... தெர விழுந்துருச்சா?"

இந்தப் பிள்ளை இன்னும் அந்த மேடையில்தான் கிடக்கிறாள். அப்பா சொன்னது சொன்னபடி, திரை விழுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். எட்டி, கொடிக்கயிற்றிலிருந்த சேலையைப் பிடித்து இழுத்தேன். அது சரசரவென்று கட்டிலோரம் விழுந்தது.

"விழுந்துருச்சு, கண்ணு. இந்தா, தரையில கெடக்கு பாரு."

ரமணி கண்ணைத் திறந்தாள். சேலையைப் பார்த்தாள், என் நீலத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைத் தேடினாள்.

"அப்பா, நான் நல்லா செத்தேனா?"

தங்கமணி பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். கிராணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே அவர்தான் மங்களம் பாடத் தொடங்கினார். அவருக்குப் பாட்டே வராது.