ஜோடிக் கணக்கு

கபுவார் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு, டிசம்பர் முதல் வாரத்தில் வியன்னாவுக்குக் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் போனது. காலையில் எல்லை தாண்டிப் போய், ராச்சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற பயணம்தான். ஆனாலும் வேற்று நாடு என்பதால், வகுப்பாசிரியை எடித் அத்தை பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். ஜோடியின் கையை விடக் கூடாது. பஸ் கிளம்பும்போது ஒவ்வொரு ஜோடியும் கோத்த கையை இருக்கை முதுகுக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அதுதான் கணக்கு.

வில்மாவுக்கு வாய்த்த ஜோடி டோர்கா. டோர்காவின் தோழி காய்ச்சலில் படுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது வில்மா. அந்த வகுப்பில் இரண்டு வருஷமாக மிச்சம் இருப்பதே அவள் வேலை. ஆனால் கண்ணுகளா, முந்தைய ராத்திரி அந்தப் பிள்ளை சந்தோஷத்தில் தூங்கவேயில்லை. இந்த ஒரு நாள் ஒழுங்காக நடந்துகொண்டால் நாளைக்கும் டோர்கா தன்னோடு பேசுவாள் என்று நம்பினாள். அந்தச் சந்தையில் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

டோர்கா அவளிடம் கையைக் கொடுக்கவில்லை. கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள்.

"உன் கை ஈரமா இருக்குடி, தவளை மாதிரி."

"துடைச்சிட்டேனே."

"சரி, துடைச்ச தவளை."

இதய வடிவ இஞ்சி ரொட்டியில் சர்க்கரைப் பாகால் பெயர் எழுதித் தருகிற கடை ஒன்று இருந்தது. வரிசை அடுத்த கடைவரை வளைந்து நின்றது.

"இங்க நில்லு," என்றாள் டோர்கா. "ஒரே ரொட்டியில நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதச் சொல்லலாம்."

"நெஜமாவா?"

"நான் வர்ற வரைக்கும் எழுத விடாத. கலர் நான்தான் சொல்வேன். வரிசைய விட்டு நகர்ந்தே, அப்புறம் எங்கிட்ட பேசாத."

வில்மா நின்றாள். முறை வந்ததும், பின்னால் நின்றவரை முன்னே போகும்படி கை காட்டினாள். அடுத்தவரையும் விட்டாள். கடைக்காரர் அவர் பாஷையில் ஏதோ கேட்டார், சிரித்து வைத்தாள். இருட்டி விளக்கெல்லாம் எரிந்தது. ஐந்து மணிக்கு பஸ் என்று அவளுக்குத் தெரியும். டோர்கா இல்லாமல் பஸ் எப்படிக் கிளம்பும் என்று நின்றாள்.

பஸ்ஸில் எடித் அத்தை முன்னால் நின்று, "கையத் தூக்குங்க," என்றார். டோர்கா தன் இரண்டு கைகளையும் கோத்துத் தூக்கினாள். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கை; அத்தைக்குக் கணக்குச் சரியாக இருந்தது.

பக்கத்து வரிசை மாத்தே எட்டிப் பார்த்தான். "ரெண்டும் உன் கைதானே?"

"ஏன், உனக்கு அவ வேணுமா? ஜோடியா உக்காந்துக்குறியா?"

சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாத்தேயும் சிரித்தான். பஸ் கிளம்பியது.

எல்லைக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். சலாமி ரொட்டி கொடுத்துக்கொண்டே வந்த அத்தை டோர்கா பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தார்.

"வில்மா எங்க?"

"பஸ் பாத்ரூம்ல இருக்கா அத்தை," என்றாள் டோர்கா.

டிரைவர் லாட்சி மாமா திரும்பிப் பார்த்தார். "எந்த பாத்ரூம்லம்மா? அதைக் காலையிலிருந்து பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

அத்தையின் முகம் வெளுத்தது. "கையத் தூக்கினியே, டோர்கா?"

"அப்ப இருந்தா அத்தை. எண்ணி முடிச்சதும் இறங்கிட்டா. திரும்ப ஏறிட்டான்னு நெனச்சேன்."

அத்தை மற்ற பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் திரும்பியது. அத்தை டோர்காவையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குள் ஓடினார். இஞ்சி ரொட்டிக் கடை வரிசையில், உதடு நீலம் பாரித்து வில்மா நின்றுகொண்டிருந்தாள். முன்னால், அவள் வழி விட்ட இருவர்தான் இருந்தார்கள். டோர்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

அத்தை அவள் தோளைப் பிடித்தார். "உண்மையைச் சொல்லு. பஸ்ஸில ஏறிட்டு எறங்கிப் போனியா?"

வில்மாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. அத்தைக்குப் பின்னால் டோர்கா நின்றாள்; வில்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அன்று முழுக்க, ஏன் அந்த இரண்டு வருஷமும், அவள் அப்படிச் சிரித்ததில்லை. 'ஆமா'ன்னு சொல்லு என்பதுபோல டோர்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஆமா அத்தை," என்றாள் வில்மா. "எறங்கிட்டேன்."

பஸ்ஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தை வில்மாவைத் திட்டினார். பயந்துபோன மனுஷிக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும், கண்ணுகளா. பஸ்ஸில் ஏறியதும் வில்மாவை இருக்கைகளுக்கு நடுவே நிறுத்தி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். மாத்தே கை தட்டினான்.

"இனி உனக்கு ஜோடி கிடையாது," என்றார் அத்தை. "உன்னை நம்பி எந்தப் பிள்ளையையும் விட முடியாது. எங்கே போனாலும் என் பக்கத்துலதான் உக்காரணும். வகுப்பிலயும்தான்."

வில்மா டோர்காவைத் தேடினாள். இப்போது ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றாள்.

டோர்கா ஜன்னலோரம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை," என்று கூப்பிட்டாள், "அப்போ இந்த சீட்ல என் கோட்டை வெச்சுக்கட்டுமா?"