தீக்குச்சிக்கு ஒரு படிக்கட்டு

தீக்குச்சி எங்கள் கூட்டத்தில் சேர்ந்தபோது பெயருக்கு ஏற்றபடி ஒல்லியாகத்தான் இருந்தான். இருபத்திரண்டு வருடங்கள் அவன் சமைத்ததை நாங்கள் தின்றோம். நாங்கள் மிச்சம் வைத்ததை அவன் தின்றான். இப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. பெயர் மட்டும் மாறவில்லை.

பாரிஸுக்கு அடியில், பழைய கல் குவாரிகளின் சுரங்கங்களில் சுற்றுவது சட்டப்படி குற்றம். அதனால் கீழே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மேலே என்ன வேலை என்றும் யாரும் கேட்பதில்லை. என் பெயர் லாந்தர், வரைபடம் என் பொறுப்பு. சுவரிலிருந்து செங்கல்லை உடையாமல் உருவித் தருகிறவள் தவளை. அவள் பல் டாக்டர் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

எங்கள் சாப்பாட்டு அறைக்குப் போக ஒரு பொந்து வழியாகத் தவழ வேண்டும். போன அக்டோபரில் தீக்குச்சி அதில் மாட்டிக்கொண்டான். சாலட்டுக்கு வைத்திருந்த ஆலிவ் எண்ணெய் முழுவதையும் அவன் இடுப்பில் ஊற்றி, நாற்பது நிமிடம் கழித்துப் பின்பக்கமாக உருவினோம். பொந்தைப் பெரிதாக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெரிய பொந்து அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிடும். ஒரே வாரத்தில் கான்கிரீட் ஊற்றி அடைத்துவிடுவார்கள்.

இந்த நேரம் பார்த்து, வசந்தகால விருந்துக்குத் தானே சமைப்பதாக எங்கள் கூட்டத்து ஸ்பூன் அறிவித்தான். ஸ்பூனின் சமையல் என்பது பாக்கெட் சூப்பில் வெந்நீர் ஊற்றுவது.

தீக்குச்சி எனக்கு ஃபோன் செய்தான். "லாந்தர், இனிமே நான் மேல உக்காந்து உங்களுக்கு டப்பால கட்டிக் கொடுக்கணுமா?" என்று கேட்டான்.

அப்போதுதான் குளிர்காலத்தில் பார்த்த படிக்கட்டு ஞாபகம் வந்தது. அகலமான சுழல் படிக்கட்டு. உச்சியில் செங்கல் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். அங்கிருந்து சாப்பாட்டு அறைக்குப் பத்து நிமிட நடை, நடுவில் எந்தப் பொந்தும் கிடையாது. வரைபடத்தில் பார்த்தால் நேராகத் தீக்குச்சி குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் போய் முடிகிறது. அவனிடம் சொன்னேன். அன்றைக்கே பாலாடைக்கட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டான்.

விருந்து ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. காலை பத்து மணிக்கே நானும் தவளையும் அடியிலிருந்து அந்தப் படிக்கட்டில் ஏறினோம். தீக்குச்சி தன் நிலவறையில் காத்திருந்து, நாங்கள் மூன்று தட்டுத் தட்டினால் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும் என்று பேச்சு.

தட்டினேன். அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வந்தது.

தவளை உளியை எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு தயார். தலையை உள்ளே நீட்டினேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மனிதர் கத்தியால் தொத்திறைச்சியை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார். தீக்குச்சி இல்லை. சுரங்கப் போலீஸ் இன்ஸ்பெக்டர் கெர்மரெக். ஆறு வருடங்களுக்கு முன்பு ஓய்வு பெறும்வரை எங்களை ஓட ஓட விரட்டியவர்.

"வா லாந்தர்" என்றார். "என் நிலவறைச் சுவத்துல தட்டுற சத்தம் கேட்டுது. மரியாதைக்குத் திருப்பித் தட்டினேன்."

பிறகு என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் சுரங்கங்களில் ஒரு தெருவுக்கு இரண்டு பாதைகள் உண்டு; கிழக்குப் பக்க வீடுகளுக்கு அடியில் ஒன்று, மேற்குப் பக்க வீடுகளுக்கு அடியில் ஒன்று. எந்தப் பக்கம் என்பதை அந்தக் காலத்திலேயே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இந்த இடத்தில் யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்து டிராகன் வரைந்துவிட்டதால், நான் கைக்கணக்கில் குறித்துக்கொண்டேன். எப்போதும் வடக்கிலிருந்து வருகிறவன். இடது கைப்பக்கம் கிழக்கு. அந்தக் குளிர்கால நாளில் மட்டும் தெற்கிலிருந்து வந்திருக்கிறேன். கைப்பழக்கத்தில் இடது பக்கத்தைக் கிழக்கு என்றே எழுதிவிட்டேன்.

"இது மேற்குப் பக்கம். நீங்க தேடுற வீடு எதிர் வரிசையில இருக்கு" என்றார் கெர்மரெக். "பள்ளிக்கூடத்துல ஜியாக்ரஃபி எடுக்கற ஆள் நீங்க, மிஸ்யூ ஆன்செல்ம் ப்ருவோ."

கீழே இத்தனை வருடம் காப்பாற்றிய பெயர் அது. அபராதச் சீட்டு எழுதியவருக்கு எல்லார் பெயரும் தெரியும் என்பதை நான் மறந்திருந்தேன். தவளை மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஜியாக்ரஃபி வாத்தியாரா நீ?"

அவள் படியில் உட்கார்ந்து சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. கெர்மரெக் அடுத்து அவளுடைய பெயரைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அந்த வாயில் சிமென்ட் பூசிவிடுவதாக அவள் சொன்னதும், தொத்திறைச்சியை நீட்டி சமாதானம் செய்துகொண்டார்.

எதிர்வீட்டு நிலவறையில் தீக்குச்சி காலையிலிருந்து வெறும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். கெர்மரெக்கின் ஃபோனிலிருந்து கூப்பிட்டோம். இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ், நெற்றியில் விளக்கு, இரண்டு கையிலும் பை பையாகப் பாலாடைக்கட்டி. இந்தக் கோலத்தில் பட்டப்பகலில் தெருவைக் கடந்து வந்தான். சந்தையிலிருந்து கோழி ரோஸ்ட் வாங்கிக்கொண்டு போனவர்கள் நின்று வழி விட்டார்களாம்.

"உனக்கு நான் பதினோரு சீட்டு எழுதியிருக்கேன்" என்றார் கெர்மரெக்.

தீக்குச்சி அவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த திறப்பின் அகலத்தை முழங்கையால் அளந்தான். பிறகு தன் இடுப்பை அளந்தான். "போயிடுவேன்" என்றான், யாரிடமும் இல்லாமல்.

கெர்மரெக் கத்தியை மடக்கினார். சுவரில் ஓட்டை விழுந்தால் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது கட்டாயம் என்றார். சங்கத் தலைவி அவர் மனைவிதான்; தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள். அவள் கண்ணில் பட்டால் அன்றைக்கே கொத்தனார் வந்துவிடுவார்.

"இன்னிக்கு ஒரு நாள்தானா?" என்றான் தீக்குச்சி.

"இன்னிக்கு நான் எதையும் பாக்கல. ஆனா ஒரு கண்டிஷன். பதினாறு வருஷமா உன் சமையல் வாசத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்திருக்கேன். நான் வந்து சேர்றதுக்குள்ள நீங்க கம்பி நீட்டிடுவீங்க, சட்டி ஆறிப்போயிருக்கும். ஒரு தடவை சூடா சாப்பிடணும்."

நூற்று மூன்று படிகள். நாற்பதாவது படித் திருப்பம் மட்டும் குறுகல்; அங்கே தீக்குச்சி மாட்டினான். தவளை கீழேயிருந்து இழுக்க, கெர்மரெக் மேலேயிருந்து தோளால் தள்ளினார். ஆட்களை வெளியே இழுக்கத்தான் தனக்குப் பயிற்சி கொடுத்தார்கள், உள்ளே தள்ள இல்லை என்று மூச்சிரைக்கப் புலம்பினார். ஒரு பொத்தான் தெறித்தது, ஆள் நகர்ந்துவிட்டான்.

என் வரைபடத்தை நம்ப யாரும் தயாராக இல்லாததால், வழி தெரிந்த கெர்மரெக் முன்னால் நடந்தார். முழங்கால் தண்ணீரில் பத்து நிமிடம். அறையில் மெழுகுவத்தி வெளிச்சம், பதினோரு பேர், கல்மேசையில் தட்டுகள். முன்னால் போன கெர்மரெக்கின் முகத்தைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள்.

அத்தனை வருடப் பழக்கம் லேசில் விடுமா? அத்தனை மெழுகுவத்திகளும் அணைந்தன. நான் பின்னாலிருந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை. அரை நிமிடத்தில் பதினோரு பேரும் பொந்துக்குள் போய்விட்டார்கள்.

தீக்குச்சி உள்ளே வந்து, காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் போய்க் கூப்பிடவும் அவனால் முடியாது. அது அக்டோபரில் அவன் மாட்டிக்கொண்ட அதே பொந்து.

"நான் வேணா போயிடறேன்" என்றார் கெர்மரெக்.

"உக்காருங்க சார்" என்றான். அடுப்பைப் பற்றவைத்தான். சட்டியில் பூண்டைத் தேய்த்து, வெள்ளை ஒயினை ஊற்றி, பாலாடைக்கட்டியைச் சீவிச் சீவிப் போட்டான். அது உருகிக் குமிழி விடத் தொடங்கியதும் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பொந்தின் வாயருகே வைத்தான்; தொப்பியை எடுத்து விசிறினான்.

கெர்மரெக் கத்தியை விரித்து ரொட்டியை வெட்ட ஆரம்பித்தார். பொந்துக்குள் முதலில் கிசுகிசுப்பு. பிறகு கல்லில் துணி உரசும் சத்தம். கடைசியில் ஸ்பூனின் குரல்:

"அவரு போயிட்டாரா?"

"இல்ல. ரொட்டி வெட்டிக்கிட்டு இருக்கார்" என்றான் தீக்குச்சி. "சீக்கிரம் வாங்கடா. விட்டா அவரே தின்னு தீத்துடுவார்."

முதலில் வெளியே வந்தது ஸ்பூனின் கை. ஓடும்போதும் தட்டை விடாமல் எடுத்துப் போயிருந்தான்.